வலது முன்காலில் வெள்ளை

அக்டோபர் 5, ஞாயிறு

கோந்துவுக்கு வெள்ளைப் பாதம் எந்த முன்காலில் இருந்தது, இடதிலா, வலதிலா? மூன்று வருடமாக இந்த வீட்டில் இருக்கும் பூனை. எனக்குப் பதில் தெரியவில்லை.

எழுதிப் பார்த்தால் தெளியும் என்று எழுதுகிறேன். இன்று காலை கோந்துவைக் கருத்தடை முகாமுக்குக் கொண்டுபோனேன். பாளை மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் தனியார் கால்நடை மருத்துவமனை. பூனை கொண்டுபோகும் கூடை என்னிடம் இல்லை. ஆடித் தள்ளுபடியில் ஜவுளிக்கடையில் கொடுத்த கட்டைப் பையில் வைத்து, வாயைத் துணி கிளிப்பால் மூடிக்கொண்டு போனேன். வரவேற்பில் இருந்த பெண் என் பெயரைக் கேட்டு, ஒரு டோக்கனைப் பையின் கைப்பிடியில் கட்டினாள். சாயங்காலம் அதே பை, அதே டோக்கன். உள்ளே கழுத்தில் பிளாஸ்டிக் புனலும் மழித்த வயிற்றில் தையலுமாகப் பூனை. வீட்டுக்கு வந்து திறந்ததும் கண்ணில் பட்டது, வலது முன்காலின் வெள்ளை. இடது என்றே நினைத்திருந்தேன். அப்படி நினைத்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

மகள் மிருதுளாவிடம் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். கல்லூரி கேண்டீன் பின்புறமிருந்து இதைத் தூக்கி வந்தவள் அவள்தான். காலிலேயே ஒட்டிக்கொண்டு திரிகிறது என்று கோந்து எனப் பெயர் வைத்தவளும் அவள்தான். ஒட்டியது அவள் காலில். ஜூனில் வேலை கிடைத்துப் புனே போய்விட்டாள். தீபாவளிக்கு வரும்போது தானே ஆபரேஷனுக்குக் கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தாள். கிடைத்திருப்பதே சில நாள் லீவு, அதில் ஒன்றை மருத்துவமனை பெஞ்சில் கழிக்க வேண்டாம் என்று நான் முந்திக்கொண்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஆகவே கேட்கவும் முடியாது.

மயக்கம் முழுதாகத் தெளியட்டும்.

அக்டோபர் 6, திங்கள்

தயிர்ச்சோறு வைத்தேன். முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தது. சாப்பிடவில்லை.

மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் எனக்கு இந்த மாதம் மழைக் கணக்கு. ராதாபுரம் தாலுகாவிலிருந்து செப்டம்பர் அளவு இன்னும் வந்து சேரவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்றும் சாப்பிடவில்லை. எங்கள் வீடு சைவம். கோந்து தயிர்ச்சோற்றிலும் இட்லியிலும் வளர்ந்த பூனை. தட்டை நக்கிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் நகரும்.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். டாக்டரே பேசினார்.

"மேடம், அனஸ்தீசியா எஃபெக்ட். பூனைக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் டேஸ்ட் மாறும், குணம் மாறும். நீங்க வீணா குழம்பாதீங்க."

"பாதத்துல இருக்க வெள்ளையும் மாறுமா டாக்டர்?"

சிரித்தார். "நல்லா ஜோக் அடிக்கீங்க மேடம்" என்று வைத்துவிட்டார். நான் ஜோக் அடிக்கவில்லை.

கீழ்வீட்டில் மீன் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. பூனை பால்கனிக் கிராதியில் புனலை இடித்துக்கொண்டு கத்தியது. கோந்து இப்படிச் செய்ததில்லை. செய்து நான் கவனிக்காமல் இருந்திருக்கலாம் என்பதையும் ஒதுக்க முடியாது.

அக்டோபர் 8, புதன்

போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் போனில் கோந்து இருக்கும் படங்கள் எல்லாம் மிருதுளா எடுத்து அனுப்பியவை. சிலவற்றில் வெள்ளை இடது காலில், சிலவற்றில் வலது காலில். தலை சுற்றியது. அப்புறம் புரிந்தது. அவள் தன்னோடு சேர்த்து எடுத்த செல்ஃபிகள். முன்பக்கக் கேமரா கண்ணாடி மாதிரி இடம் மாற்றிக் காட்டும். சில செயலிகள் அதைத் திருப்பிச் சரிசெய்துவிடும், சில செய்யாது. எந்தப் படம் எதில் எடுத்தது என்று அவளுக்குத்தான் தெரியும். பின்னணியில் நாள்காட்டியோ, எழுத்து போட்ட பையோ இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். எல்லாவற்றிலும் பின்னணி அவள் தலையணைதான்.

நான் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

வழக்கம்போல மிருதுளா வீடியோவில் வந்தாள். எங்கள் பேச்சு நீளமானதல்ல. கோந்துவைக் காட்டச் சொல்வாள், அதோடு கொஞ்சம் பேசுவாள், "சரிம்மா, வைக்கேன்" என்பாள். இன்று வேறு வழியில்லாமல் ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"காட்டுங்க" என்றாள்.

காட்டினேன்.

"ஏன் முதுகையே காட்டுதீங்க? மூஞ்சியக் காட்டுங்க."

காட்டினேன். முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்து அப்படியே இருந்தாள். நெட்வொர்க் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "அம்மா, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா? ஏதாவதுன்னா எங்கிட்டச் சொல்லுவீங்கல்லா?" என்றாள்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்றேன்.

"சரி. அழகா இருக்கா" என்றாள். இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் அவள் குரல் ஏன் மாறியது என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் தெரிந்தது. மிருதுளாவுக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றால் இது கோந்துவாகத்தான் இருக்க வேண்டும். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

அக்டோபர் 9, வியாழன்

கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு துண்டு மீன் கேட்டு வாங்கினேன். அவர் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தார். "பூனைக்கு" என்றேன். "ஆமாமா, பூனைக்குத்தான்" என்று சிரித்தார்.

முள்ளோடு தின்று தீர்த்தது.

மிருதுளா இன்றும் கூப்பிட்டாள். தொடர்ந்து இரண்டு நாள் கூப்பிடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. பூனையைக் காட்டப் போனேன். "அவ இருக்கட்டும். நீங்க சாப்டீங்களா?" என்றாள். வேலையில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

அக்டோபர் 10, வெள்ளி

பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பூனை மடியில் ஏறிப் படுத்தது. கோந்து என் மடியில் படுத்ததில்லை. நான் எழுந்திருக்க வேண்டியிருந்தது, அடுப்பில் பால். பால் பொங்கி வழிந்தது.

வாலைத் தடவும்போது நுனியில் சின்னதாக ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. ஊசி போட்ட வீக்கமாக இருக்கலாம். வாலில் ஊசி போடுவார்களா என்று தெரியாது. முன்பே இருந்ததா என்றும் தெரியாது. கோந்துவின் வாலை நான் தடவியதில்லை.

அக்டோபர் 11, சனி

மருத்துவமனைக்கு நேரில் போனேன். பூனையைக் கொண்டுபோகவில்லை.

வரவேற்புப் பெண்ணிடம், அன்று என்னுடையதைப் போலச் சாம்பல் வரிப் பூனை வேறு யாராவது கொண்டுவந்தார்களா என்று கேட்டேன். "அதெல்லாம் ப்ரைவசி மேடம், சொல்லக் கூடாது" என்றாள். அவளுக்குப் பின்னால் இருந்த அலமாரியில் இன்றைய நோயாளிகளின் பைகள் நின்றன. நாலில் மூன்று அதே ஜவுளிக்கடைக் கட்டைப் பை. பாளையங்கோட்டை முழுக்க அந்தத் தள்ளுபடிக்குத்தான் போயிருக்கிறது. ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் டோக்கன் ஆடிக்கொண்டிருந்தது.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். முப்பது வயதிருக்கும்.

"டோக்கனப் பையிலதான் கட்டுவீங்களா? பூனை மேல எதுவும் இல்லையா?" என்று கேட்டேன்.

"பூனைக் கழுத்துல கோன் போடணும்லா மேடம், டோக்கன எங்க கட்ட?"

"அப்ப பூனை பைய விட்டு வெளிய வந்த பிறகு?"

"எங்க ஸ்டாஃபுக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

அவர் முகம் கறுத்தது. வெளியே காத்திருந்தவர்கள் எல்லாரும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "மேடம், மூணு வருசமா வளக்கேன்னு சொல்லுதீங்க. ஒங்க பூனைய ஒங்களுக்கே அடையாளம் தெரியலன்னா, அர மணி நேரம் பாத்த நான் என்ன செய்ய?"

யாரோ சிரித்தார்கள். பதில் சொல்ல நினைத்தேன். நோயாளிக்கு அடையாளம் இடுவது மருத்துவமனையின் பொறுப்பு, உரிமையாளரின் ஞாபகம் அதற்கு மாற்று அல்ல. இந்த வாக்கியம் ஒழுங்காக உருவானது ஆட்டோவில் வரும்போதுதான்.

புதன்கிழமை எல்லாரையும் தையல் பிரிக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று முகாமுக்கு வந்த பூனைகள் எல்லாம் வரும். நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மாடிப்படி ஈரம். மெதுவாகத்தான் ஏற முடிந்தது. மேல்படியில் பூனை நின்றுகொண்டிருந்தது.

அக்டோபர் 13, திங்கள்

மார்க்கெட்டில் நெத்திலி வாங்கினேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் ஒரு கிலோ என்று சொல்லிவிட்டேன். "வீட்ல விசேஷமாம்மா?" என்றார் கடைக்காரர். அதற்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி. பால்கனியில் மண்ணெண்ணெய் ஸ்டவ்.

மிருதுளா கூப்பிட்டபோது கை வேலையாக இருந்ததால் போனை ஜன்னலில் சாய்த்து வைத்துப் பேசினேன். அவள் வைத்த பிறகும் வெகுநேரம் அதை எடுக்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

மழை. தையல் பிரிக்கப் போகவில்லை.

பாளையங்கோட்டையில் பதிவான மழை இரண்டு மில்லிமீட்டர்.

அக்டோபர் 16, வியாழன்

மருத்துவமனையிலிருந்து பலமுறை அழைப்பு. மீட்டிங்கில் இருந்ததால் எடுக்கவில்லை. மீட்டிங் மதியத்தோடு முடிந்தது.

மிருதுளா நாளை மறுநாள் வருகிறாள். பூனை அவளிடம் எப்படி நடந்துகொள்ளும்? ஆபரேஷனால் குணம் மாறிவிட்டது, டாக்டரே சொன்னார் என்று சொல்லலாம். நானே நம்பாத ஒன்றை டாக்டர் பெயரில் சொல்வது சரியா? அவள் நம்பிவிட்டால் இன்னும் மோசம். கோந்து வேறு எங்கோ இருக்கிறது, அல்லது இல்லை. இந்தக் கடைசி இரண்டு சொல்லை எழுத இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

அக்டோபர் 17, வெள்ளி

அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அழைப்பு மணி. வாசலில் ட்ராக் சூட் போட்ட ஒரு பெண், கழுத்தில் விசில். கையில் அதே கட்டைப் பை.

"வசுமதி மேடம் நீங்கதான? நான் ஃப்ளோரா. ஸ்கூல்ல பி.டி. டீச்சர். ஒங்க பூனை எங்கிட்ட இருக்கு, எம் பூனை ஒங்ககிட்ட இருக்கு. உள்ள வரலாமா?"

நான் வாங்க என்று சொல்லும் முன்பே வந்துவிட்டார்.

"பத்து நாளா இந்தச் சவத்தோட நான் பட்ட பாடு கேளுங்க. சாளை வைக்கேன், திங்க மாட்டேங்கு. நெய்மீன் வைக்கேன், என்னமோ நான் வெசம் வச்ச மாதிரி மொறச்சுப் பாக்கி. எங்க வீட்டுக்காரரு மோர் ஊத்திச் சாப்புடுதாரு, ஓடிப்போயி அவரு இலையில வாய வைக்கி! ‘ஏட்டி, இது நம்ம ராணி இல்ல, யாரோ அய்யர் வீட்டு மாமி’ன்னு சொல்லுதாரு."

"நாங்க பிள்ளைமார்" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"யாரா இருந்தா என்ன மேடம், மோர்தான. அந்த டாக்டருகிட்டப் போயிச் சொன்னா, ருசி மாறிட்டுங்கான். வேய், ருசி மாறும், வால் நிமிருமாய்யான்னு கேட்டேன். எங்க ராணிக்கு வால் நுனி கதவுல நசுங்கி முடிச்சு விழுந்திருக்கும். புதன்கெழம அங்கயே உக்காந்து வந்த பையெல்லாம் தொறந்து பாத்துட்டேன். ஒரு வீட்டுக்காரவ மட்டும் வரல. அட்ரஸ் தாங்கன்னா ப்ரைவசியாம். விசில எடுத்து ஊதினேன் பாருங்க. அங்க இருந்த நாய் பூராவும் கொலைக்க ஆரம்பிச்சிட்டு. ஒடனே அட்ரஸ் வந்துட்டு."

பூனை சோபாவின் கீழிருந்து வெளியே வந்தது. ஃப்ளோரா குனிந்து, "ராணி" என்றார். சத்தம் போட்டுக்கூட அல்ல. அது ஓடிப்போய் அவர் தோளில் ஏறியது. அவர் விரல் வால் நுனியைத் தேடியது. தொட்டதும் நின்றது. அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது.

"செத்துப் போச்சுன்னு நெனச்சேன், எக்கா" என்றார். அதற்குப் பிறகு என்னை மேடம் என்று கூப்பிடவில்லை.

பையைத் திறந்தேன். கோந்து வெளியே வந்து, என் பக்கம் திரும்பாமல் நேராக மிருதுளாவின் அறைக்குப் போய்க் கட்டிலின் கீழ் உட்கார்ந்துகொண்டது. இடது முன்காலில் வெள்ளை.

ஃப்ளோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு ராணியின் வயிற்றைத் தடவினார். "மெலியவே இல்லையே? சைவ வீட்ல இவளுக்கு என்னத்த குடுத்தீங்க?"

"நெத்திலி."

"யாரு ஆக்குனா?"

"நான்தான்."

"யாத்தே!" என்று என்னையே பார்த்தார். பிறகு பால்கனிச் சட்டியைப் பார்த்தார். அடுத்த கேள்வி, புதன்கிழமை ஏன் வரவில்லை என்பதாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. "தையல நான் பிரிச்சிக்கிடுதேன், வேற டாக்டருகிட்ட. நீங்க வாசல் வரைக்கும் வர வேண்டாம், காலப் பாத்தாலே தெரியுது" என்று தன் வீட்டு முகவரியைச் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாம் சரியாகிவிட்டது. மிருதுளாவிடம் எதையும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. சட்டியைக் கழுவி வைத்தேன். கூடத்தில் ராணிக்கு விரித்திருந்த துண்டை நாளைக்குத் துவைக்கலாம்.

அக்டோபர் 18, சனி

மிருதுளா காலை ரயிலில் வந்தாள். பையை வைப்பதற்குள் கோந்து ஓடிவந்து அவள் காலைச் சுற்றியது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, அதன் முகத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அழ ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ராத்திரிப் பயணம், தூக்கமில்லை, காபி போட்டுத் தருகிறேன் என்றேன்.

"அம்மா, இது கோந்து."

"ஆமா."

"அப்ப அது யாரு?"

பொய் எதுவும் தயாராக இல்லை. முழுவதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், பாதியில் சிரித்துவிட்டாள்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? கோந்து டேபிள்லயே செத்துட்டா, நான் தாங்க மாட்டேன்னு நீங்க ஊரெல்லாம் அலைஞ்சு ஒரே மாதிரி ஒண்ணக் கண்டுபிடிச்சு வச்சிருக்கீங்கன்னு. மொத நாளே தெரிஞ்சுட்டு எனக்கு. நெத்திக் கோடே வேற."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டு நடிக்கீங்க. நான் எப்படிக் கெடுக்க?"

பத்து நாளும் அவள் பூனையை விட்டுவிட்டு என்னைப் பற்றியே ஏன் கேட்டாள் என்பது அப்போதுதான் புரிந்தது. புரிந்தது என்று எழுதுகிறேன். முழுதாகப் புரிந்ததா என்று தெரியவில்லை.

"அதோட," என்றாள், "அன்னைக்கு ஒரு நாள் நான் பேசிட்டு வச்சேன், ஆனா கால் கட் ஆகல. நீங்க அதுகிட்டப் பேசிட்டிருந்தீங்க. அதுக்கப்புறம் நானும் வைக்கல, கேட்டுட்டிருந்தேன்."

என்ன பேசினேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தீபாவளிக்கு முந்திரிக்கொத்துப் பலகாரம் செய்யப் பாசிப்பயறு வறுக்க வேண்டியிருந்தது.

நாளை ஃப்ளோரா வீட்டுக்குப் போய் ராணியைப் பார்க்கலாம் என்கிறாள். தேவையில்லை என்றேன். அது என்னை அடையாளம் காணாது. பூனைகளுக்கு நினைவு குறைவு, அல்லது நன்றி குறைவு. போவதால் எந்தப் பயனும் இருக்காது என்றே என் கணிப்பு.

மருத்துவமனையிலிருந்து குறுஞ்செய்தி: தங்கள் செல்லப் பிராணி நலமாக இருக்கும் என நம்புகிறோம், இனிய தீபாவளி வாழ்த்துகள்.

அக்டோபர் 19, ஞாயிறு

நடந்தது இது.

முந்திரிக்கொத்தைத் தூக்குவாளியில் போட்டு, கட்டைப் பையில் வைத்துக்கொண்டு மிருதுளாவின் ஸ்கூட்டரில் போனோம். ராணி காம்பவுண்டுச் சுவரில் படுத்திருந்தது. புனல் இல்லை. என்னைப் பார்த்தது. கொட்டாவி விட்டது. இறங்கி வீட்டுக்குப் பின்னால் போய்விட்டது.

"நன்றி கெட்ட மூதி" என்றார் ஃப்ளோரா. "ஒரு கிலோ நெத்திலி தின்னுருக்கா!"

கணிப்பு சரி என்று மிருதுளாவைப் பார்த்தேன். உட்கார்ந்து கேக்கும் டீயும் சாப்பிட்டோம். ஃப்ளோரா டாக்டரைப் போல நடித்துக் காட்டினார். மிருதுளா புரையேறச் சிரித்தாள். எழுந்து பையை எடுக்கப் போனால், அது கனத்தது. தூக்குவாளி வெளியே மேஜையில் இருக்கிறது. உள்ளே ராணி, சுருண்டு, கண்ணை மூடிக்கொண்டு.

"ஏ, மறுபடியும் மொதல்ல இருந்தா?" என்று கத்தினார் ஃப்ளோரா.

நான்தான் கையை விட்டு வெளியே எடுத்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். மிருதுளா படம் எடுத்தாள், பின்பக்கக் கேமராவில்.

திரும்பும்போது வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன், பை மடியில் மடிந்து கிடந்தது. மார்க்கெட் பக்கம் தீபாவளிக் கூட்டம், வண்டி ஊர்ந்தது. மிருதுளா திரும்பாமலே கேட்டாள்.

"அன்னைக்கு அதுகிட்டச் சொன்னீங்கல்லா, முழங்கால் வலியில படி ஏற முடியலன்னு. இன்னும் வலிக்கா?"

வெடிச் சத்தத்தில் கேட்காததுபோல இருந்தேன். அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி, மறுபடியும் கேட்டாள்.

"வலிக்குது" என்றேன்.